தடித்த விளையாட்டு எழுத்துருவும் இரண்டு ஊர்ப்பெயர்களும்

திறவுச்சொற்கள்: காட்சி எழுத்துரு, பாலு தம்பி, ஒருங்குறி, கிரந்த எழுத்து, ஊர்ப்பெயர்

முன்னுரை

நூலின் உள்ளுரைக்குரிய எழுத்துரு வாசகரின் கண்ணை உறுத்தாமல் தன் பணியைச் செய்ய வேண்டும். கடைப் பெயர்ப்பலகை, இனிப்புப் பெட்டி, திருவிழா விளம்பரத் தட்டி ஆகியவற்றில் இடம்பெறும் எழுத்துருவின் நோக்கம் இதற்கு நேர்மாறானது. அது முதலில் பார்க்கப்பட வேண்டும், பிறகே படிக்கப்பட வேண்டும். இத்தகையது காட்சி எழுத்துரு எனப்படும். கோடு தடித்தும் முனை மழுங்கியும் சற்றே குறும்புத் தோற்றம் கொண்டும் அமைவது அதன் ஒரு பிரிவு. விருதுநகர் மாவட்டத்தில் திருமங்கலம் – கொல்லம் நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்னும் ஊர்களின் பெயர்களையே சோதனைச் சொற்களாகக் கொண்டு இப்பிரிவின் தோற்றத்தையும் பயன்பாட்டையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பாலு தம்பியின் தோற்றம்

இப்பிரிவிற்குத் தக்க சான்று, மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழுவினர் உருவாக்கிய ‘பாலு’ எழுத்துருக் குடும்பமாகும். கிப்ளிங்கின் கதையில் வரும் கரடியின் பெயரைத் தாங்கிய இக்குடும்பத்தில் ஒவ்வோர் இந்திய எழுத்துமுறைக்கும் ஓர் உறவுப்பெயர் உண்டு. மலையாளத்திற்குச் சேட்டன், தெலுங்கிற்குத் தம்முடு, தமிழுக்குத் தம்பி. முதலில் ஒரே தடிமனில் வெளிவந்த இது, பின்னர் ‘பாலு 2’ என ஐந்து தடிமன்களில் விரிவுபடுத்தப்பட்டது. திறந்த உரிமத்தில் கிடைப்பதால் சிறு கடைக்காரரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். தமிழ், இலத்தீன் எழுத்துகளைக் கொண்ட ‘காய்னி’ எழுத்துருவும் இவ்வினத்தைச் சார்ந்ததே.

ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு பெரும்பாலும் ஒரே பருமன் உடையது. ஆதலால், பருமன் மாறாத தடித்த கோடு தமிழுக்கு அயலானதன்று. இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. கோடு தடிக்குந்தோறும் எழுத்தினுள் அடைபட்ட வெற்றிடம் சுருங்குகிறது. ‘ட’ போன்ற எளிய எழுத்து இதனைத் தாங்கும்; ‘ண’, ‘ஞ’, ‘ஸ’ ஆகியவை தாங்கா. எனவே, நெருக்கமான எழுத்துகளின் கோட்டைச் சற்றே மெலியச் செய்தும், எழுத்தை அகலப்படுத்தியும் வடிவமைப்பாளர் ஈடுசெய்கிறார். ஒரே பருமன் என்று தோன்றுவது, உண்மையில், கண்ணுக்காகச் செய்யப்பட்ட ஏமாற்றேயாகும்.

ராஜபாளையம்

இப்பெயரின் முதலெழுத்தே இடர் தருகிறது. ‘ர’வைக் காலிலிருந்து (ா) வேறுபடுத்துவது அதன் அடியிலுள்ள சாய்கோடு மட்டுமே. முனை மழுங்கிய தடித்த வடிவில் அச்சாய்கோடு குறுகிவிட்டால் ‘ரா’ இரு கால்களாகத் தோன்றும். ‘ளை’ மற்றொரு செய்தியைச் சுட்டுகிறது. 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் இவ்வெழுத்து துதிக்கை போன்ற வளைவு பெற்று ஒற்றை வடிவாக எழுதப்பட்டது. இன்று அகன்ற ‘ை’ குறி முன்னால் தனித்து நிற்பதால், தடித்த எழுத்தில் பெயரின் நீளம் கூடுகிறது. பலகையின் அகலம் போதாதபோது எழுத்துகளைப் பக்கவாட்டில் நசுக்கும் வழக்கமும் உண்டு. எழுத்தின் அழகைக் கெடுப்பதில் இதற்கு இணையான செயல் வேறில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்

இப்பெயர் கடுமையான சோதனை. ‘ஸ்ரீ’ என்னும் கிரந்த வடிவம் பெயரின் பிற எழுத்துகளைவிட நெருக்கமானது. அதன் கோடுகளுக்கு இடையே வெளி நிலைக்குமாறு வரையப்படாவிட்டால் தொலைவிலிருந்து அது கருந்திட்டாகவே தெரியும்.

தோற்றத்திற்கு அப்பால் குறியேற்றச் சிக்கலும் உள்ளது. இவ்வடிவத்தை ‘ஸ’வைக் கொண்டும், 2005-இல் ஒருங்குறியின் 4.1 பதிப்பில் சேர்க்கப்பட்ட ‘ஶ’வைக் கொண்டும் உள்ளிடலாம். இரண்டும் திரையில் ஒன்றே. கணினிக்கோ வெவ்வேறு சொற்கள். நூலகப் பட்டியலிலோ ஆய்வேட்டுத் தரவுத்தளத்திலோ ஒன்றைத் தேடுபவருக்கு மற்றொன்று அகப்படாமற் போகலாம். இறுதியிலுள்ள ‘ர்’ எழுத்திற்கு மாறாகக் காலையும் புள்ளியையும் தட்டச்சிடும் பிழையும் தடித்த எழுத்துருவில் கண்ணுக்குப் புலனாவதில்லை. உள்ளுரை எழுத்துருவில் உடன் தெரியும் பிழையை இது மறைத்துவிடுகிறது என்பது மெய்ப்புத் திருத்துவோர் கருதத்தக்கது.

மேலும், ‘பு’, ‘தூ’ ஆகியவை எழுத்துருவினுள் எழுதப்பட்ட மாற்று விதிகளால் உருவாகின்றன. அவ்விதிகளைப் பின்பற்றாத பழைய மென்பொருளில் மெய்யும் உயிர்க்குறியும் பிரிந்தே நிற்கும். பேஜ்மேக்கர் போன்றவை ஒருங்குறியை ஏற்பதில்லை. 2010-இல் அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்த பின்னும் அச்சுத்தொழிலில் பழைய குறியேற்ற எழுத்துருக்கள் நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பயன்பாடும் எல்லையும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அப்பெட்டியில் ஊர்ப்பெயர் வெறும் முகவரியன்று. பொருளின் உரிமைச் சான்று. அது சிதைந்தோ பிழையாகவோ அச்சாவது அழகுக்குறை என்னும் அளவில் நின்றுவிடாது. பெட்டியின் முகப்பில் ஊர்ப்பெயரையும் பண்டப்பெயரையும் பாலு தம்பியில் அமைப்பது பொருத்தமே. இனிப்பின் குழைவும் எழுத்தின் உருட்சியும் ஒத்திசைகின்றன. ஆனால், அதே எழுத்துருவில் சேர்பொருள் பட்டியலையும் காலாவதி நாளையும் சிற்றளவில் அச்சிடுவது தவறு. அவற்றிற்கு அதே குழுவினரின் ‘முக்த மலர்’ போன்ற உள்ளுரை எழுத்துரு ஏற்றது. மழலையர் பள்ளிச் சுவர், சிறுவர் நூலின் அட்டை, கடைத்தெருப் பலகை ஆகியன இவ்வெழுத்துருவின் இயல்பான இடங்கள். ராஜபாளையத்து நூற்பாலையின் கணக்கேட்டிலும் இரங்கல் அறிவிப்பிலும் அதன் குறும்பு பொருந்தாது.