இரவுக்காற்றில் புளிக்கும் பீர்: பெல்ஜியத்தின் ‘லாம்பிக்’குக்கு வந்த சிக்கல் என்ன?

முதல் மடக்கிலேயே பலர் முகம் சுளிப்பார்கள். ‘இது பீரா, புளிச்சுப்போன ஆப்பிள் ஜூஸா?’ என்று கேட்கத் தோன்றும். இரண்டாவது மடக்கில் எலுமிச்சை, பச்சை ஆப்பிள், ஈர மரம், லேசாகக் குதிரை லாய வாசனை என ஒவ்வொன்றாகப் பிடிபடும். பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸிலும் அதை ஒட்டிய சென் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் தயாராகும் ‘லாம்பிக்’ பீர் அப்படித்தான்.

பெல்ஜியத்தின் பீர் பண்பாட்டை 2016-ல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது யுனெஸ்கோ. துறவிகளின் மேற்பார்வையில் மடாலயத்துக்குள் தயாராகும் ‘டிராப்பிஸ்ட்’ உட்பட அங்கே பீர் வகைகள் ஏராளம். அவற்றில் இரவுக் குளிரை நம்பி வாழும் பீர்தான் லாம்பிக்.

அப்படி என்ன ஸ்பெஷல்?

வழக்கமான பீரில், தேர்ந்தெடுத்து வளர்த்த ஈஸ்ட்டைச் சேர்த்துப் புளிக்க வைப்பார்கள். லாம்பிக்கில் ஈஸ்ட்டை யாரும் சேர்ப்பதில்லை.

முளைகட்டிய பார்லியோடு, சுமார் மூன்றில் ஒரு பங்கு முளைகட்டாத கோதுமை. இவற்றை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த இனிப்புச் சாற்றை, பழைய ஹாப்ஸ் பூக்களோடு மணிக்கணக்கில் கொதிக்க வைக்கிறார்கள். ஹாப்ஸ் ஏன் பழசு? கசப்பு குறைந்திருக்கும், ஆனால், வேண்டாத பாக்டீரியாவைத் தடுக்கும் குணம் மிச்சமிருக்கும்.

அடுத்து, ‘கூல்ஷிப்’ எனும் அகலமான, ஆழமில்லாத திறந்த தொட்டியில் ஊற்றி, இரவு முழுக்க ஆறவிடுவார்கள். காற்றிலும் கட்டடத்திலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தானாக வந்து சேரும். நம்ம வீட்டு இட்லி மாவு ராத்திரியில் தானாகப் புளிக்குதே, கிட்டத்தட்ட அதே கதைதான். காலையில் மரப் பீப்பாய்க்கு மாற்றுவார்கள். அங்கே ஒன்று முதல் மூன்று வருடம் வரை இருக்கும். லாய வாசனையைத் தரும் ஈஸ்ட்டின் பெயரிலேயே அந்த ஊர் இருக்கிறது: பிரெட்டனோமைசிஸ் ப்ரக்ஸெலென்சிஸ்.

எப்படிச் சுவைப்பார்கள்?

லாம்பிக்: பீப்பாயிலிருந்து நேரடியாக. நுரை, குமிழ் கிட்டத்தட்ட இருக்காது. புளிப்புதான் முன்னால் நிற்கும்.

கூஸ்: ஒன்று, இரண்டு, மூன்று வயது லாம்பிக்குகளின் கலவை. இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் மீண்டும் புளிப்பதால், ஷாம்பெயின் போலக் குமிழ் பொங்கும்.

கிரீக்: புளிப்பு செர்ரிப் பழங்களை மாதக்கணக்கில் ஊறவைத்தது. ‘பழைய’ என்று பொருள்படும் ‘அவ்டா’ லேபிளில் இருந்தால், அது பாரம்பரிய முறை. அது இல்லாத பல பாட்டில்களில் இனிப்பு தூக்கலாக இருக்கும்.

கூஸை ஐஸ் மாதிரி குளிர வைக்க மாட்டார்கள். குளிர் வாசனையை அமுக்கிவிடும். அடியில் தங்கிய ஈஸ்ட் கலங்காமல், பாட்டிலைச் சாய்த்து மெதுவாக ஊற்றுவார்கள்.

சிக்கல் எங்கே?

மைனஸ் 3 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையான இரவுகள்தான் இதற்குத் தோது. வெப்பம் கூடினால் சாறு மெதுவாக ஆறும். வேண்டாத நுண்ணுயிர்கள் பெருகி, சுவை கெட்டுவிடும். அதனால்தான் லாம்பிக் காய்ச்சுவது குளிர்காலத்தில் மட்டும்.

பிரஸ்ஸல்ஸில் 1900 முதல் இயங்கும் கான்டியோன் ஆலை, 2015 நவம்பரில் இரவுகள் குளிராததால் காய்ச்சுவதையே நிறுத்தவேண்டி வந்தது. அக்டோபர் நடுவிலிருந்து மே வரை தன் தாத்தா காய்ச்சியதாகவும், தனக்கு அது ஒரு வருடம்கூட வாய்க்கவில்லை என்றும் அப்போது சொன்னார் அதன் உரிமையாளர் ஜான் வான் ராய்.

சரி, மெஷின் வைத்துக் குளிர வைத்தால் என்ன? வைக்கலாம். ஆனால் மூடிய குழாய்க்குள் சட்டென்று ஆறும் சாறு, இரவுக் காற்றைச் சந்திக்கவே சந்திக்காது. அந்தச் சந்திப்பு இல்லையென்றால், பாட்டிலில் இருப்பது லாம்பிக் இல்லை. இன்னொரு புளிப்பு பீர், அவ்வளவுதான்.

இன்று திறக்கும் கூஸ் பாட்டிலில் இருப்பது சில வருடங்களுக்கு முந்தைய குளிர்காலம். இந்த வருடம் தவறிய இரவுகளின் கணக்கு, மூன்று வருடம் கழித்துத்தான் கோப்பையில் தெரியும்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு)