துருப்பிடித்த பழைய சைக்கிளைக் குறைந்த செலவில் ஓட வைப்பது எப்படி?

(வானொலி உழவர் நிகழ்ச்சிப் பேச்சு)



உங்க வீட்டுக் கொல்லையிலோ மாட்டுக் கொட்டகையிலோ ஒரு பழைய சைக்கிள் சாத்திக் கிடக்கலாம். 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், அப்பா காலத்து வண்டி. பழைய இரும்புக்காரர் தெருவில் குரல் கொடுக்கும்போதெல்லாம், "இதைப் போட்டுடலாமே" என்று வீட்டில் ஒரு பேச்சு எழும். போடுவதற்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்கி அந்த வண்டியைப் பாருங்க. வயலுக்கு ஒரு நடை போய் மடை பார்த்து வரவும், ஒரு கட்டுப் புல் கொண்டு வரவும் பெட்ரோல் கேட்காத வண்டி அது.

ஆனால் பார்க்கவேண்டியது எது என்பதில்தான் பலரும் ஏமாந்து போகிறோம். ஹேண்டில்பாரில் தெரிகிற துருவைப் பார்த்து, "இது தேறாது" என்கிறோம். இல்லாவிட்டால் மேலே பெயின்ட் அடித்துவிட்டு, "புதுசு மாதிரி ஆச்சு" என்கிறோம். இரண்டுமே தப்பு. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் பச்சைப் பெயின்ட், புது சீட், புது மணி எல்லாம் போட்டு, இரண்டு கேன் பாலைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் சொசைட்டிக்குக் கிளம்பினார். வாய்க்கால் பாலத்துச் சரிவில் முன் போர்க் முறிந்தது. பால் வாய்க்காலோடு போச்சு, அவருக்கு முன்பல் இரண்டு போச்சு. பெயின்ட் மட்டும் பளபளன்னு இருந்தது.

ஆகவே முதல் வேலை, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஸ்பானரால் பிரேமைத் தட்டிப் பார்ப்பது. நல்ல குழாய் கணீர்னு கேட்கும். உள்ளே அரித்த குழாய் சொத்தென்று கேட்கும். சீட் குழாய் வழியாக உள்ளே போகிற மழைத்தண்ணி பெடல் அச்சு இருக்கிற கூட்டில்தான் வந்து தங்கும். அதனால் அந்தக் கூட்டைச் சுற்றியும், அங்கிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற இரண்டு குழாய்களிலும் கூர்மையான திருப்புளியை வைத்து அழுத்திப் பாருங்க. பள்ளம் விழுந்தாலோ, உள்ளேயிருந்து செம்பொடி கொட்டிக்கொண்டே இருந்தாலோ, தயங்காமல் இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடலாம். போர்க்கின் தலைப்பகுதி, ஹேண்டிலுக்குக் கீழே குழாய்கள் சேருகிற மூட்டு, இந்த இரண்டு இடத்திலும் துணியால் துடைத்துவிட்டு மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெயிலில் பார்க்கணும். வெடிப்பு இருந்தால் பற்றவைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். போர்க்கை மாற்றணும். பிரேமிலேயே வெடிப்பு என்றால் அந்தப் பிரேம் சுமைக்கு ஆகாது.

பிரேமும் போர்க்கும் தேறிவிட்டால் மற்றதெல்லாம் உழைப்புதான். கழற்ற ஆரம்பிக்கும் முன்பு, நட்டுகளுக்கெல்லாம் டீசல் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மண்ணெண்ணெய் இருந்தால் அதுவும் சரி. பக்கத்தில் அடுப்பும் பீடியும் மட்டும் கூடாது. இறுகிப்போன நட்டை எடுத்த உடனே கழற்றப் பார்க்காமல், முதலில் இறுக்குகிற பக்கம் துளி அசைத்துவிட்டுப் பிறகு கழற்றினால் மரை தப்பிக்கும். இடது பெடலின் மரை தலைகீழ்; கடிகாரமுள் சுற்றுகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் முண்டிப் பார்த்து மரையைக் கெடுத்தவர்கள் நிறைய.

காட்டர் பின்னைத் தட்டி எடுக்கும்போது நட்டை முழுவதும் கழற்றாமல், பின்னின் நுனி மட்டத்துக்கு வைத்துக்கொண்டு தட்டுங்கள். கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயைத் தரையில் ஊன்றி முட்டுக் கொடுக்கணும். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுக்க உள்ளே இருக்கிற குண்டுகளின் மேல் இறங்கி, கப்பில் குழி விழுந்துவிடும்.

துரு எடுக்கக் கடைக் கரைசல் எதுவும் வேண்டாம். நட்டு, போல்ட், ஸ்டாண்டு மாதிரி சாமான்களை, குழம்புக்கு ஆகாத பழைய கறுப்புப் புளியைக் கெட்டியாகக் கரைத்து ஒரு ராத்திரி ஊறப் போடுங்கள். பித்தளைக் குடத்தை நம்ம வீட்டுப் பெண்கள் புளி போட்டுத் துலக்குகிறார்களே, அதே வித்தைதான். புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கிறது. ஒரு ராத்திரிக்கு மேல் வேண்டாம், நல்ல இரும்பையும் அது அரிக்க ஆரம்பிக்கும். எடுத்ததும் சலவை சோடாத் தண்ணியில் அலசி, வெயிலில் காயவைத்து, உடனே எண்ணெய் தடவணும். தடவாவிட்டால் மறுநாளே மஞ்சள் பூக்கும். செயினையும் குண்டுகளையும் புளியில் போடக்கூடாது.

முலாம் பூசிய ரிம்முக்கும் ஹேண்டிலுக்கும் செங்கல் பொடி போட்டுத் தேய்க்காதீங்க. முலாம் கீறிப்போய் அடுத்த மழைக்கு முன்னைவிட அதிகமாகத் துருப்பிடிக்கும். சாப்பாட்டுப் பொட்டலம் சுற்றி வருகிற வெள்ளித்தாள் இருக்கிறதே, அலுமினியத் தாள், அதைக் கசக்கித் தண்ணியில் நனைத்துத் தேய்த்துப் பாருங்க. அலுமினியம் முலாமைவிட மெதுவானது, கீறாது. துரு மட்டும் கறுப்பாக வழிந்து வரும்.

இனி காசு போகவேண்டிய இடத்துக்கு வருவோம். சக்கர அச்சையும் நடு அச்சையும் பிரித்து, பழைய கிரீஸை டீசலில் கழுவி எடுங்கள். நடு அச்சில் இடது பக்க வளையத்தையும் கப்பையும் கழற்றினால் போதும், வலது கப்பைத் தொடவேண்டாம். பழைய ரக வண்டியில் பெரும்பாலும் முன் சக்கரத்துக்குப் பக்கத்துக்கு 10 குண்டு, பின் சக்கரத்துக்குப் பக்கத்துக்கு 9, நடு அச்சுக்குப் பக்கத்துக்கு 11 இருக்கும். முன் சக்கரக் குண்டு சிறிசு, மற்ற இரண்டும் கால் அங்குலம். ஒன்று சொரசொரப்பாக இருந்தாலும் அந்தப் பக்கத்துக் குண்டு எல்லாவற்றையும் மாற்றிவிடணும். பழசும் புதுசும் கலந்தால், புதுசின் மேலேயே முழுப் பாரமும் விழும். கோனில் குழி இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

கோனை எவ்வளவு இறுக்குவது? ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கக்கூடாது. அதே சமயம் சக்கரத்தைத் தூக்கி லேசாக விட்டால், வால்வின் எடைக்கே சக்கரம் தானாகச் சுழன்று, வால்வு கீழே வந்து நிற்கணும். அந்த இடம்தான் சரியான இறுக்கம்.

செயினை அளந்து பாருங்க. ஒரு முள்ளிலிருந்து 24 கண்ணி எண்ணினால் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். அரைக்கால் அங்குலம் கூட வந்தால் செயின் தேய்ந்துபோச்சு. புதுச் செயின் போட்டபிறகு பல்லில் தாண்டினால், பின் பல்சக்கரமும் சேர்ந்தே போயிருக்கிறது என்று அர்த்தம். செயினுக்குத் தேங்காயெண்ணெய் விடுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள், புழுதியை இழுத்துப் பிசினாகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் நல்லது.

பிரேக் கட்டையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீங்க. ரப்பர் கல்லு மாதிரி இறுகியிருந்தால் புதுசு போடுங்கள். கட்டையைப் பிடிக்கிற தகட்டில் ஒரு முனை திறந்தும் ஒரு முனை மூடியும் இருக்கும். ரிம் சுற்றும்போது ரப்பரை எந்தப் பக்கம் இழுக்குமோ, அந்தப் பக்கம் மூடிய முனை இருக்கணும். மாற்றிப் போட்டால் சரிவில் பிரேக் பிடிக்கும்போது ரப்பர் உருவிக்கொண்டு வந்துவிடும். இரும்பு ரிம் நனைந்திருந்தால் எவ்வளவு நல்ல கட்டையும் சீக்கிரம் பிடிக்காது. மழையில் முன்கூட்டியே பிரேக்கை அழுத்திவரப் பழகுங்கள்.

டயரில் வெடிப்பு விட்டு உள்நூல் தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும்; மொத்தச் செலவில் பெரிசு அதுதான். கோட்டம் எடுக்கிற வேலையைச் சைக்கிள் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். அவர் கைக்குப் பழகிய வேலை, கூலியும் அதிகம் ஆகாது.

பெயின்ட் கடைசி. உப்புத்தாளால் துரு தெரியாமல் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு கொடுத்து, காய்ந்தபிறகு மெல்லிசாக இரண்டு தரம் அடித்தால் போதும். பிரேமில் பொறித்த நம்பரைப் பெயின்டால் மூடிவிடாதீங்க. துருவின் மேலேயே அடித்தால் உள்ளே அரிப்பது நிற்காது.

இன்னொன்று. உர மூட்டை ஏற்றி வந்த அன்று கேரியரையும் பின் மட்கார்டையும் தண்ணிவிட்டுக் கழுவி, துடைத்துவிடுங்கள். பொட்டாஷ் என்பது ஒரு உப்பு. சிந்தின இடத்தில் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். மாட்டுக் கொட்டகையிலும் வண்டியை நிறுத்தவேண்டாம், அங்கே ஈரம் காயவே காயாது.

எல்லாம் பூட்டியபிறகு முதல் வாரம் பாதிச் சுமைதான் ஏற்றணும். ஒரு வாரம் ஓடினதும் காட்டர் பின் நட்டு, சக்கர நட்டு, ஹேண்டில் போல்ட் இந்த மூன்றையும் மறுபடி முறுக்கிப் பார்த்துவிட்டு, அதன்பிறகு பால் கேனைக் கட்டுங்கள்.