ஓட முடியாதவர்களுக்காக அடிக்கும் மணி

ரவாங் – தொடர் கட்டுரை

சென்ற வாரம் 1894-இல் நிறுத்தியிருந்தோம். லோக் இயூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக ரவாங்கில் மின்னாக்கி நிறுவிய கதை அது. மலாயாவில் மின்சாரம் முதன்முதலில் வேலை செய்த ஊர் எங்களுடையது என்று ரவாங்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். சொல்லட்டும், தகுதியான பெருமைதான். ஆனால் மின்சாரம் வந்த நாளிலிருந்தே அதன் கம்பிகளைக் கண்காணிக்கும் வேலையும் நமக்கு வந்துவிட்டது. மருத்துவமனைகளில் பிடிக்கும் தீ பல சமயம் பழைய வயரிலிருந்தோ, கூரை விளக்கிலிருந்தோ, ஏர்கோனிலிருந்தோதான் கிளம்புகிறது.

நோயாளிகள் இருக்கும் இடம் பெரிய மருத்துவமனை மட்டுமல்ல. ரவாங், செலாயாங், கிள்ளான் என்று எங்கு போனாலும் கடைவீடுகளில் டயாலிசிஸ் மையங்களைப் பார்க்கலாம். நீரிழிவு நம் குடும்பங்களில் எத்தனை பேரை அந்த நாற்காலிகளுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கையில் இரண்டு ஊசிகள், அவற்றிலிருந்து இரண்டு குழாய்கள். இரத்தம் உடலுக்கு வெளியே சுற்றி வந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் இருக்கும் அறுபது வயது அம்மாவுக்குத் தீ மணி கேட்டு என்ன பயன்? எழுந்து ஓட அவரால் முடியாது. அந்த மணி அவர் பக்கத்தில் நிற்கும் தாதிக்காக அடிக்கிறது. அலுவலகத்தில் மணி அடித்தால் ஒவ்வொருவரும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளலாம். நோயாளிகள் இருக்கும் இடத்தில் மணி கேட்டவர் இன்னொருவரைத் தூக்க வேண்டும். மருத்துவக் கட்டடங்களின் தீப் பாதுகாப்பு இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

2016 அக்டோபர் 25-ஆம் தேதி ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையில் நடந்ததை இந்நாட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. இரண்டாம் மாடியில் இருந்த தீவிர சிகிச்சைப் பிரிவில் தீ பிடித்தது. ஆறு நோயாளிகள் இறந்தார்கள். ஆள் குறைவான நடுநிசியில் நடந்ததல்ல, காலை வேளை. ஊழியர்கள் பணியில் இருந்தார்கள், காப்பாற்றப் போராடினார்கள், காயமும் பட்டார்கள். சுவாசக் கருவியோடு பிணைக்கப்பட்ட நோயாளி, சுவரிலிருந்து வரும் ஆக்சிஜன், சில நிமிடங்களில் அறையை நிறைத்துவிடும் கரும்புகை: இந்த மூன்றும் ஒரே அறையில் சேர்ந்தால் மனத் துணிச்சல் மட்டும் போதாது.

அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் டாக்டர் எஸ். சுப்பிரமணியம். முன்னாள் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி முகமட் ஹிஷாமுடின் முகமட் யூனுஸ் தலைமையில் சுயேச்சை விசாரணைக் குழு அமைந்தது. அறிக்கை நீண்ட காலம் அரசாங்க இரகசியமாகவே கிடந்தது. 2020-இல்தான் மக்கள் அதைப் படிக்க முடிந்தது. உயிர் போன வீடுகளில் இருந்தவர்களை அத்தனை ஆண்டுகள் காக்க வைத்தது தவறு. அந்தப் பெரிய அரசாங்க மருத்துவமனைக்குத் தீச் சான்றிதழே இருந்ததில்லை என்ற செய்தியும் அந்தத் தீக்குப் பிறகுதான் பலருக்குத் தெரியவந்தது.

தீச் சான்றிதழ் என்பது 1988-ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைகள் சட்டத்தின்கீழ் தீயணைப்பு மீட்புத் துறையான பொம்பா கொடுப்பது. ஓராண்டுதான் செல்லும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வெளியேறும் வழிகள், புகை உணர்விகள், தெளிப்பான், தீயணைப்பான், அவசர விளக்கு எல்லாவற்றையும் அதிகாரிகள் நேரில் வந்து சோதிப்பார்கள். பெரிய கட்டடங்களின் மணி நேரடியாகப் பொம்பாவின் கண்காணிப்பு முறையோடும் இணைக்கப்பட்டிருக்கும். சட்டத்தில் பெரிய ஓட்டை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சோதனை முடிந்து அதிகாரிகள் போன பிறகு நடப்பவைதான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன.

அடுத்த முறை மருத்துவமனைக்கோ டயாலிசிஸ் மையத்துக்கோ போகும்போது, வரவேற்பு மேசைக்கு அருகே சுவரில் இருக்கும் தீ மணிப் பெட்டியைப் பாருங்கள். பச்சை விளக்கு எரிந்தால் மின்சாரம் வருகிறது. சிவப்பு என்றால் தீ. மஞ்சள் என்றால் பழுது, அல்லது கட்டடத்தின் ஒரு பகுதியை யாரோ மணியிலிருந்து துண்டித்து வைத்திருக்கிறார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நெபுலைசர் ஆவி பட்டு மணி அடித்தது, நோயாளிகள் பயந்தார்கள், துண்டித்தார்கள். மேல்மாடியில் சுவர் உடைக்கும் வேலை, தூசு பட்டு மணி அடித்தது, துண்டித்தார்கள். வேலை முடிந்தது, குத்தகையாளர் போய்விட்டார். உணர்வியின் மேல் மாட்டிய பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் நினைவில்லை. பெட்டிக்குள் ஒரு பேட்டரியும் இருக்கிறது. மின்சாரம் போனாலும் மணி அடிக்க அதுதான் துணை. சில ஆண்டுகளில் அது செத்துப்போகும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மாதந்தோறும் சோதித்துப் பதிவேட்டில் எழுதினால் மட்டுமே தெரியும்.

மணி ஒழுங்காக அடித்தது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த நிமிடம் என்ன நடக்க வேண்டும்? டயாலிசிஸ் மையத்தில் தாதி இயந்திரத்தை நிறுத்தி, ஊசிப் பக்கம் இரண்டு, இயந்திரப் பக்கம் இரண்டு என நான்கு இடங்களில் குழாய்களை இறுக்கி, நடுவில் கழற்றிவிட வேண்டும். ஊசி கையிலேயே இருக்கட்டும். இயந்திரத்துக்குள் தங்கும் சுமார் 200 மில்லி இரத்தம் போனால் போகட்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் என்றால் வார்டுக்கு வெளியே சுவரில் உள்ள ஆக்சிஜன் வால்வை மூட வேண்டும். அதை மூடச் சொல்லும் பொறுப்பு யாருடையது, மூடுமுன் எத்தனை பேருக்குச் சிலிண்டர் மாற்ற வேண்டும் என்பது முன்னரே முடிவாகியிருக்க வேண்டும். படுத்த நிலையில் இருப்பவர்களைப் படிக்கட்டில் இறக்குவது கடைசி வழி. முதலில் அதே மாடியில், தீத் தடுப்புக் கதவுக்கு அப்பால் உள்ள அடுத்த பகுதிக்குத் தள்ளிப் போக வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கனமான கதவுகள் தானாக மூடிக்கொள்கின்றன. தள்ளுவண்டி போக வசதியாக இருக்கிறதென்று அவற்றுக்கு ஆப்பு வைத்துத் திறந்து போடும் பழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

இந்தியாவிலும் இதே கதைதான். 2024 டிசம்பர் 12 இரவு தமிழ்நாட்டின் திண்டுக்கல்லில் தனியார் மருத்துவமனையொன்றில் தீ பிடித்தபோது ஒரு சிறுமி உட்பட ஆறு பேராவது இறந்தார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களை மீட்டதாகச் செய்திகள் வந்தன. 2011 டிசம்பரில் கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையில் அடித்தளக் கிடங்கில் பிடித்த தீயின் புகை மேல்மாடிகளுக்கு ஏறி, ஏறத்தாழ 90 உயிர்களைக் குடித்தது. அக்கம்பக்கத்துக் குடிசைவாசிகள் உதவ ஓடி வந்தும் காவலாளிகள் முதலில் திருப்பி அனுப்பினார்கள் என்று சாட்சிகள் சொன்னார்கள். 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகையில் 28 பேர் எரிந்துபோனார்கள். அவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள்.

ஏர்வாடி தூரத்து ஊர் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வரிசை வீட்டை முதியோர் இல்லமாக மாற்றி, திருடனுக்குப் பயந்து ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கிரில் போட்டு, இரவில் பூட்டி, பத்துப் பன்னிரண்டு முதியவர்களுக்கு ஒரே பணிப்பெண்ணை வைத்தால், அந்தக் கிரிலும் சங்கிலி செய்த வேலையைத்தான் செய்யும். 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் பதிவு பெற வேண்டுமானால் பொம்பாவின் ஆதரவு தேவை. அதனாலேயே பதிவைத் தவிர்க்கும் இல்லங்களும் இருக்கின்றன. செலவு தாங்காது என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. அவற்றை மூடிவிட்டால் அந்த முதியவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வியும் உண்மையானதே. ஆனால் அறைக்கு ஒரு பேட்டரிப் புகை உணர்வி பொருத்துவதும், கிரிலின் சாவியை எல்லார் கைக்கும் எட்டும் ஆணியில் மாட்டுவதும் பெரிய பணம் கேட்பவை அல்ல.

அப்பாவையோ பாட்டியையோ ஓர் இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள் கட்டில், சாப்பாடு, மாதக் கட்டணம் ஆகியவற்றைக் கேட்டு முடித்த பிறகு இன்னும் சிலவற்றையும் கேளுங்கள். பதிவுச் சான்றிதழ் எங்கே? இரவு இரண்டு மணிக்கு இங்கே எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? கடைசியாக எப்போது தீப் பயிற்சி நடந்தது, அதில் இரவுப் பணியாளர் இருந்தாரா? பின்கதவின் சாவி யாரிடம்? பதில் சொல்லத் தடுமாறினால், அந்தப் பின்கதவு வரை நீங்களே ஒருமுறை நடந்து போய்த் திறந்து பாருங்கள்.

(தொடரும்)