நாக்கு முதிரும் விதம்

சிங்கப்பூரில் சைனாடவுன் எம்ஆர்டி நிலையத்தின் பெயர்ப்பலகையில் ஆங்கிலம், சீனத்தோடு தமிழும் உண்டு. 'சைனாடவுன்' என்றுதான் எழுதியிருக்கும். யாரும் அதை மொழிபெயர்க்கவில்லை. ஆங்கிலச் சொல்லே தமிழ் எழுத்தை உடுத்திக்கொண்டு நிற்கிறது. மேலே ஏறிப் பகோடா தெரு வழியாக நடந்தால், சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827-இல் தோன்றிய மாரியம்மன் கோயில். அந்தக் கோபுரத்தை வைத்துத்தான் தெருவுக்கே பகோடா என்று பெயர். ஒரு மொழியின் சொல் இன்னொரு மொழிக்காரர் வாயில் குடியேறிப் பிழைக்கும் ஊர் இது. தமிழ் ராப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு ராப் கலைஞர் பத்திருபது ஆண்டுகளில் எப்படி மாறுகிறார்? 'முன்னே கோபமாகப் பாடினார், இப்போது நிதானமாகிவிட்டார்' என்று பாடுபொருளை வைத்துச் சொல்லிவிடுகிறோம். ஆனால் மாற்றம் அதற்கும் அடியில், தாளத்தின் மேல் அசைகளை எங்கே உட்கார வைக்கிறார் என்பதில் நடக்கிறது.

ராப் பாட்டின் சட்டகம் எளிமையானது. நான்கு தட்டு சேர்ந்தால் ஒரு 'பார்'. வழக்கமாகப் பதினாறு பார் சேர்ந்தால் ஒரு சரணம். நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் பாட்டில் ஒரு பார் ஏறக்குறைய 2.7 நொடி, பதினாறும் 43 நொடிக்குள் முடிந்துவிடும். அந்த 43 நொடியில் சொற்களை ஓட்டிச்செல்லும் நடைக்குத்தான் 'ஃப்ளோ' என்று பெயர். ஒரு தட்டுக்குள் நான்கு அசை வைத்தால் நம் கச்சேரிக் கணக்கில் அது சதுஸ்ரம். மூன்று வைத்தால் திஸ்ரம். அமெரிக்காவின் மிகோஸ் குழு 2013-இல் 'வெர்சாச்சி' பாட்டில் ஓட்டியது இந்த மும்மூன்று நடையைத்தான். அதன் பிறகு உலகமெங்கும் இளைஞர்கள் அதில் பாடத் தொடங்கினார்கள். மிருதங்கம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது ஒன்றும் அந்நியமில்லை.

சிக்கல் மொழியில் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லில் ஓர் அசையை அழுத்திச் சொல்வார்கள். அந்த அழுத்தம் தட்டின்மேல் விழுந்தால் பாட்டு துள்ளும். தமிழில் அப்படிப்பட்ட அழுத்தம் இல்லை. நமக்குக் குறிலும் நெடிலும்தான். ஆங்கிலத் துள்ளலை அப்படியே வாங்கித் தமிழ்மேல் போடுகிறவர் நெடிலைச் சுருக்கிவிடுவார். 'பாடம்' என்று தொடங்கியது 'படம்' என்று காதில் விழும். தொடக்கக்காலத் தமிழ் ராப் பலவற்றில் சொல் புரியாமல் போவதற்கு வேகத்தைவிட இதுவே பெரிய காரணம் என்பேன்.

அடுத்தது ஓசை ஒப்புமை. ராப் வரிகள் இறுதியில் ஒத்து ஒலிக்கும். நம் யாப்பிலக்கணம் இதை இயைபு என்கிறது. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவதால் இயைபு இலவசமாகவே கிடைத்துவிடும். வருகிறேன், போகிறேன், எழுகிறேன், விழுகிறேன் என்று நாள் முழுக்க அடுக்கலாம். புதியவர்கள் மயங்கி விழும் பள்ளம் இதுதான். ஆண்டுகள் போகப் போக நல்ல கலைஞர் வினைமுற்றை வரிக் கடைசியிலிருந்து நகர்த்துகிறார், பெயர்ச்சொல்லில் முடிக்கிறார், ஒப்புமையை வரியின் உள்ளே, எதுகைக்கும் மோனைக்கும் கொண்டுபோகிறார். ஒருவர் வளர்ந்துவிட்டாரா என்று அறிய நான் முதலில் கவனிப்பது அதைத்தான்.

இந்த வளர்ச்சியை முழு நீளத்தில் கேட்க, பாலம் தாண்டி மலேசியாவுக்குப் போக வேண்டும். கோலாலம்பூரின் யோகி பி தொண்ணூறுகளில் 'பொயடிக் அம்மோ' குழுவில் தொடங்கியவர். 1998-இல் வந்த அவர்களின் ஆல்பத்தில் ஆங்கிலமே முதன்மை. மலாய், கான்டனீஸ், தமிழ் மூன்றும் கூடவே வந்தன. 2006-இல் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரோடும் சேர்ந்து, நட்சத்ரா என்ற பெயரில் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அதிலிருந்த 'மடை திறந்து', 'நிழல்கள்' (1980) படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டின் மறுபிறப்பு. அதைக் கேட்டபோது எனக்கு வியப்பளித்தது வேகம் அல்ல, உச்சரிப்பு. வல்லினம் வல்லினமாகவே விழுந்தது. மேடைப் பேச்சாளர் ஒருவர் தாளத்தின்மேல் ஏறி நின்றதுபோல் இருந்தது. அழுத்தம் இல்லாத மொழியில் வல்லின ஒற்றையே அழுத்தமாக்கிவிட்டார்.

மறு ஆண்டே 'பொல்லாதவன்' படத்தின் 'எங்கேயும் எப்போதும்' மறு ஆக்கத்தில் அவர் குரல் வந்தது. மூலப் பாட்டு 'நினைத்தாலே இனிக்கும்' (1979) படத்தில் இருப்பது. அந்தப் படத்தின் பெரும்பகுதியை எடுத்ததே சிங்கப்பூரில். பிறகு 'ஆடுகளம்', 'விவேகம்'. 2018-இல் 'காலா'வுக்காக அருண்ராஜா காமராஜ், ரோஷன் ஜாம்ராக்கோடு பாடிய 'கற்றவை பற்றவை' வரும்போது நடை வேறாகிவிட்டது. அந்தத் தலைப்பையே பாருங்கள்: எதுகையும் இருக்கிறது, இயைபும் இருக்கிறது, ஒரு பெயரும் ஓர் ஏவலும் மோதிக்கொள்கின்றன. நான்கு மொழியைக் காட்டி அசத்திய இளைஞரின் ஆர்வம் அடங்கி, கூட்டத்தோடு சேர்ந்து முழங்கும் குரல் அதில் இருக்கிறது.

சிங்கப்பூரின் யங் ராஜா எதிர்த்திசையிலிருந்து வருகிறார். அமெரிக்க ராப் கலைஞர் லில் பம்ப்பின் 'கூச்சி கேங்' பாட்டைப் 'பூரி கேங்' ஆக்கிப் பெயர் வாங்கினார். அதாவது இன்னொருவரின் தாளம், இன்னொருவரின் ஃப்ளோ, உள்ளே நம் வீட்டுப் பூரி. பிறகு 'முஸ்தஃபா', 'மேட் பிளெஸிங்ஸ்', 'மாமி' எனச் சொந்தப் பாட்டுகள். ஆங்கில வாக்கியம் பாதியில் தமிழாகித் தமிழிலேயே முடியும். கலப்படம் என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலப் பகுதியில் அழுத்தத்தால் துள்ளி, தமிழ்ப் பகுதியில் நெடிலால் இழுக்கும்போது, ஒரே வரிக்குள் இரண்டு நடை கிடைக்கிறது. தேக்கா சந்தையில் காய்கறி வாங்குகிறவர்களும் அப்படித்தானே பேசுகிறார்கள். 'எந்திரன்' (2010) படத்தில் 'இரும்பிலே ஓர் இருதயம்' பாட்டுக்கு ராப் தந்த சிங்கப்பூர்க்காரர் லேடி காஷ், பின்னர் 'வில்லுப்பாட்டு' என்றே பெயரிட்டு ஒரு பாட்டைச் செய்தார். வழிகள் பல.

வயதானால் வேகம் குறையுமா? மூச்சைப் பொறுத்தது. அமெரிக்க ராப் கலைஞர் ஜே-ஸீ 1996-இன் முதல் ஆல்பத்தில் சொற்களை நெருக்கி அடுக்கினார். 2017-இல் '4:44' ஆல்பத்தில் பேச்சுக்குப் பக்கத்தில் வந்து, வரிக்கு வரி இடம் விட்டார். எமினெம் நேர்மாறு: நாற்பதைத் தாண்டிய பிறகுதான், 2013-இல், 'ராப் காட்' பாட்டில் 6 நிமிடம் 4 நொடிக்குள் 1,560 சொற்களைக் கொட்டிக் கின்னஸில் இடம்பெற்றார்.

சைனாடவுனில் ரயில் ஏறினால் மூன்றாவது நிலையம் லிட்டில் இந்தியா. 'மடை திறந்து' கேட்க அந்த நேரம் போதும். காதில் மாட்டிக்கொண்டு, பொருளை ஒரு முறை மறந்துவிட்டு, எந்த நெடில் முழுதாக நீண்டது, எங்கே வல்லின ஒற்று தட்டின்மேல் சரியாக விழுந்தது, எந்த இடத்தில் யோகி பி மூச்சு வாங்கினார் என்று மட்டும் கேளுங்கள். திரும்பி வரும்போது 'கற்றவை பற்றவை'.