'ஸைன்' படுத்தும் பாடு

ரஞ்சன்குடிக் கோட்டையருகே வளர்ந்த என் அக்காள் செவிலியர் படிப்பை முடித்துவிட்டு ஜெர்மன் மொழி கற்று வருகிறாள். மொழித் தேர்வில் தேறினால்தான் ஜெர்மனியில் செவிலியர் வேலை. முதல் வாரமே அவளை அழ வைத்தது 'ஸைன்' என்னும் வினைச்சொல். 'இரு' என்பது அதன் பொருள்.

தமிழில் "நான் மாணவி" என்றாலே போதும், வினை வேண்டுவதில்லை. ஜெர்மனிலோ "இஷ் பின் ஷூலெரின்" என்று நடுவில் 'பின்' வந்தே தீரவேண்டும். நீ என்றால் 'டூ பிஸ்ட்'. அவன், அவள், அது மூன்றுக்கும் 'இஸ்ட்'. நாம் என்றால் 'வீர் ஸிண்ட்'. நீங்கள் பலர் என்றால் 'ஈர் ஸைட்'. இறந்த காலத்திலோ 'வார்' என்று முகமே மாறிவிடும்!

ஏன் இந்தக் குழப்பம்? இது ஒரே சொல் அன்று. மூன்று பழைய வேர்கள் ஒட்டி வளர்ந்தது. 'இஸ்ட்', 'ஸிண்ட்' இரண்டும் வடமொழி 'அஸ்தி', 'ஸந்தி'க்கும், இலத்தீன் 'எஸ்ட்', 'ஸுண்ட்' என்பவற்றுக்கும் உறவு. 'பின்' ஆங்கில 'பி'யின் உறவு. 'வார்' அதன் 'வாஸ்' உறவு. நம் 'வா' மட்டும் ஒழுங்கா? வருகிறேன், வந்தேன் என்று அதுவும் திரிகிறதே! 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியர் சீகன்பால்கு, சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றவர். அவரும் இதில் திணறியிருப்பார்!

முதிய நோயாளியிடம் 'டூ பிஸ்ட்' என்பது மரியாதைக் குறைவு; 'ஸீ ஸிண்ட்' என்றே சொல்லவேண்டும். நம் நீ, நீங்கள் போலத்தான். அக்காள் இதை மட்டும் ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள்.

பாத்திரம் துலக்கும்போதும் "இஷ் பின், இஷ் பின்" என்கிறாள். "எப்போதும் பின் என்கிறாயே, முன் எங்கேயடி?" என்கிறார் பாட்டி.