வண்டி மாறினால் பந்தயம் முடிந்துவிடுமா?



நமது தொலைக்காட்சிக் கருத்துக்களத்தை இம்முறை தஞ்சோங் மாலிமில் பதிவு செய்தோம். தலைப்பு: "பாதி வழியில் தொழில் மாறுவது தோல்வியா?" தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள், அவர்களின் பிள்ளைகள், கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று மண்டபம் நிறைந்திருந்தது.

கேள்வி நேரத்தில் இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் ஒலிபெருக்கியை வாங்கினார்.

"அக்கா, நரேன் கார்த்திகேயன் பார்முலா ஒன் ஓட்டுனவரு. அவரே அத விட்டுட்டு அமெரிக்காவுக்குப் போய் லோரி ஓட்டுனாரு. அது தோல்விதானே?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், அந்தத் தம்பி சிரிக்கவில்லை. ஒளிபரப்பில் எனக்குக் கிடைத்ததோ மூன்று நிமிடம். அதற்குள் சொல்ல முடியாததை இந்தப் பக்கத்தில் சொல்கிறேன். நான் படித்தது தொடர்புத்துறை டிப்ளோமா, இயந்திரவியல் அல்ல. பந்தயத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்தும், நிகழ்ச்சிக்கு வந்திருந்த பட்டறைக்காரர் ஒருவரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

யார் இந்த நரேன்?

கோயம்புத்தூர்த் தமிழர். 1977 ஜனவரி 14-இல் பிறந்தவர். தந்தையும் ராலி பந்தய வீரர். 1996-இல் பார்முலா ஆசியா பட்டத்தை வென்றார். 2005-இல் ஜோர்டான் அணியின் காரில் அமர்ந்து, பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஆண்டு மார்ச்சில் நம் சிப்பாங்கில் 11-ஆவது இடம். ஜூன் மாதம் அமெரிக்காவின் இண்டியானாபோலிசில் டயர் பிரச்சினையால் 14 கார்கள் விலகிக்கொள்ள, மீதி 6 கார்களில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார்.

அடுத்த ஆண்டு அவருக்குப் பந்தய இருக்கை கிடைக்கவில்லை. வில்லியம்ஸ் அணியில் சோதனை ஓட்டுநராக இருந்தார். நாடுகளுக்கு இடையிலான ஏ1 கிராண்ட் பிரி பந்தயத்தில் இந்திய அணிக்காக ஓடி, 2007 டிசம்பரில் சீனாவின் சூஹாயில் வென்றார். 2009-இல் அந்தப் போட்டியும் நின்றுபோனது. அதன் பிறகுதான் 2010-இல் அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பு நடத்தும் பிக்கப் வண்டிப் பந்தயத்துக்கு வைலர் ரேசிங் அணிக்காகப் போனார். தம்பி சொன்னது போல் அது லோரி அல்ல. நம் தோட்டங்களில் சாமான் ஏற்றி ஓடுமே, அந்தப் பிக்கப் வண்டியின் உருவம் கொண்ட பந்தய வாகனம்.

'ஸ்டாக் கார்' என்றால் என்ன?

'ஸ்டாக்' என்றால் கடையில் இருப்பில் உள்ள சரக்கு. அதாவது, தொழிற்சாலையில் இருந்து வந்து, விற்பனைக்கு நிற்கும் சாதாரணக் கார். தஞ்சோங் மாலிம் மக்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. புரோட்டோன் தொழிற்சாலை வாசலில் வரிசையாக நிற்பவை எல்லாம் ஸ்டாக் கார்கள்தாம்.

1948-இல் தொடங்கிய நாஸ்கார், 1949 ஜூன் மாதம் சார்லட் நகரில், கடையில் விற்ற கார்களை அப்படியே ஓடவிட்டுப் பந்தயம் நடத்தியது. முதலில் வந்தவரின் காரைச் சோதித்தால், பின்பக்க ஸ்பிரிங்கில் கைவைத்திருந்தார்கள். வெற்றியைப் பறித்து அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்று நிலைமை வேறு. உருவம் மட்டும்தான் கடைக் கார். உள்ளே இருப்பது இரும்புக் குழாய்களால் கட்டிய கூடு. கதவுகூடத் திறக்காது, ஓட்டுநர் ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

பார்முலா ஒன் காரில் சக்கரங்கள் வெளியே நிற்கும். ஒரு காரின் சக்கரம் இன்னொன்றின் சக்கரத்தில் பட்டால், கார் மேலே ஏறிப் பறந்துவிடும். ஆகவே, சின்ன வயதில் இருந்தே 'இடிக்காதே' என்பதுதான் பாடம். ஸ்டாக் காரில் சக்கரங்கள் உடலுக்குள் மறைந்திருக்கும். உரசுவதும், பின்னால் இருந்து மெதுவாக முட்டுவதும் அங்கே பந்தயத்தின் ஒரு பகுதி.

அடுத்தது எடை. 2010-ஆம் ஆண்டு விதிப்படி பார்முலா ஒன் கார் ஓட்டுநரையும் சேர்த்துக் குறைந்தது 620 கிலோ. நாஸ்கார் பிக்கப் வண்டியோ ஏறக்குறைய 1,500 கிலோ. அன்றைய பார்முலா ஒன் காரில் ஸ்டியரிங்கின் பின்னால் விரலால் தட்டினால் 7 கியர்களும் மாறின. பிக்கப்பில் பக்கத்தில் நிற்கும் கம்பியைப் பிடித்து இழுக்க வேண்டும். மொத்தமே 4 கியர்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். பார்முலா ஒன் காரின் இறக்கைகள் காற்றை வாங்கி, காரைத் தரையோடு அழுத்தும். வேகம் கூடக் கூட அழுத்தமும் கூடும். டயர் நன்றாகப் பிடிக்கும். எனவே, வேகமான வளைவில் துணிந்து மிதிப்பவருக்குத்தான் லாபம். பிக்கப்பில் அந்த அழுத்தம் மிகக் குறைவு. அங்கேயும் அதே துணிச்சலில் மிதித்தால் பின்பக்கம் வழுக்கும், டயர் தேய்ந்துபோகும். பத்தாவது சுற்றில் முந்தியவர் ஐம்பதாவது சுற்றில் பின்னால் நிற்பார்.

புரிகிறதா? இத்தனை ஆண்டுகள் அவரை உயர்த்திய பழக்கமே புது வண்டியில் அவரைக் கவிழ்க்கிறது. திறமை போய்விடவில்லை, அதை வேறு மாதிரி பயன்படுத்தக் கற்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஸ்டாக் காரில் இருந்து பக்கவாட்டில் சரியாகப் பார்க்க முடியாது. பந்தயத் திடலின் உச்சியில் ஒருவர் நின்றுகொண்டு, "இடப்பக்கம் கார் வருகிறது, இப்போது காலி" என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருப்பார். தன் கண்ணை மட்டும் நம்பி வளர்ந்தவர் இனி அடுத்தவர் வாயை நம்ப வேண்டும்.

நரேனுக்கு என்ன நடந்தது?

2010 மார்ச் 27-ஆம் தேதி மார்ட்டின்ஸ்வில் திடலில் முதல் பந்தயம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அப்படி 250 சுற்றுகள். சிறுவயது முதல் இப்படிப்பட்ட திடல்களிலேயே வளர்ந்த அமெரிக்கர்கள் நடுவே நரேன் 13-ஆவதாக வந்தார். அந்த ஆண்டு மொத்தம் 9 பந்தயங்கள் ஓடினார். ஒன்றில்கூட வெற்றி இல்லை. ஆனாலும், ரசிகர்கள் வாக்களித்து, அந்தப் போட்டியின் மிகப் பிரபலமான ஓட்டுநராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பெரிய பெயர்களும் அங்கே தடுமாறியிருக்கின்றன. பார்முலா ஒன்னில் 7 வெற்றிகள் பெற்ற கொலம்பியாவின் மொந்தோயா 2006-இல் நாஸ்காருக்குப் போனார். அதன் முதன்மைப் போட்டியில் அவருக்குக் கிடைத்தவை இரண்டே வெற்றிகள். இரண்டுமே இடமும் வலமும் வளைந்து போகும் சாலைத் திடல்களில்! வட்டத் திடலில் ஒன்றுகூட இல்லை. 2007-இல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தை வென்ற ஸ்காட்லாந்தின் பிராங்கிட்டி, 2008-இல் ஸ்டாக் காருக்கு மாறினார். கணுக்கால் முறிந்தது, ஆண்டின் நடுவிலேயே அணியும் மூடப்பட்டது. பழைய வண்டிக்கே திரும்பியவர் 2009-இல் இண்டிகார் பட்டத்தை வென்றார். அமெரிக்காவின் டோனி ஸ்டுவர்ட்டோ திறந்த சக்கரக் காரில் 1997-இல் பட்டம் வென்றுவிட்டு, நாஸ்காரிலும் மூன்று முறை பட்டம் வென்றார்.

நம் நாட்டு அலெக்ஸ் யூங்கை மறக்கலாமா? 2001, 2002-இல் மினார்டி அணிக்காகப் பார்முலா ஒன் ஓட்டிய அவர் ஒரு புள்ளிகூடப் பெறவில்லை. பலர் கேலி செய்தார்கள். பின்னர் கூரையுள்ள கார்களுக்கு மாறி, ஆவ்டி ஆர்8 கோப்பைப் போட்டியில் மூன்று முறை வெற்றியாளர் ஆனார்.

நரேனும் அங்கேயே நின்றுவிடவில்லை. 2011-இல் ஹிஸ்பானியா அணி அவரை மீண்டும் பார்முலா ஒன்னுக்கு அழைத்தது. 2012-இல் ஆஸ்திரேலியாவில் அந்த அணியின் இரண்டு கார்களும் பந்தயத்துக்கே தகுதி பெறவில்லை. அடுத்த வாரமே நம் சிப்பாங்கில் கொட்டும் மழை. அதற்கேற்ற டயரோடு கிளம்பிய நரேன், பந்தயம் நிறுத்தப்பட்டபோது 10-ஆவது இடத்தில் நின்றார்! கடைசியில் அந்த இடம் நிலைக்கவில்லை என்பது வேறு விஷயம். பிறகு ஜப்பான் போய்ப் பல ஆண்டுகள் ஒற்றை இருக்கைக் காரில் ஓடினார். 2019-இல் மீண்டும் கூரையுள்ள காருக்கு மாறினார். அந்த ஆண்டு நவம்பர் 24-இல் ஃபூஜி திடலில், ஜப்பானின் சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் மோதிய பந்தயத்தில் முதலாவதாக வந்தார். அப்போது அவருக்கு வயது 42.

மண்டபத்தில் கேட்டது

நிகழ்ச்சியில் முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் பேசியதையும் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். இங்கே கார் தொழிற்சாலை 2003-இல் உற்பத்தியைத் தொடங்கிய காலத்தில், நாற்பதை நெருங்கும் வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்.

"தோட்டத்துல மரம் நமக்காக நிக்கும்மா. தொழிற்சாலையில கார் நகர்ந்துகிட்டே இருக்கும், நமக்காக நிக்காது. மொத மாசம் அழுதுட்டேன். எம் மகன் வயசுப் பையன்தான் சொல்லிக் கொடுத்தான். வெக்கப்படாம கேட்டேன். ஆனா ஒண்ணு, பட்டை சீவுன கை பாருங்க, ஆழமாப் போனா மரம் கெட்டுடும்னு தெரிஞ்ச கை. அந்தப் பக்குவம் அங்கயும் உதவுச்சு."

மொந்தோயாவுக்கும் பிராங்கிட்டிக்கும் நேர்ந்ததை இந்த ஐயா ஐந்தே வரியில் சொல்லிவிட்டார். மாறுகிறவர் மறக்க வேண்டியதும் உண்டு, கூடவே கொண்டுபோக வேண்டியதும் உண்டு. எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். ஒரு காலவரையும் வைத்துக்கொள்ள வேண்டும். பிராங்கிட்டி திரும்பி வந்ததை யாரும் அவமானம் என்று சொல்லவில்லையே!

இளைஞர்களே, ஒரு வார்த்தை. இவர்கள் எல்லாரும் வண்டி மாறியது மூடிய திடலில், பாதுகாப்புக் கூட்டுக்குள். நெடுஞ்சாலையில் மோட்டாரை முறுக்குவது பந்தயம் ஆகாது.

பதிவு முடிந்து தேநீர் குடிக்கும்போதுதான் அந்தத் தம்பியின் கதை தெரிந்தது. இயந்திரவியல் டிப்ளோமாவைப் பாதியில் விட்டுவிட்டுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். அப்பா மூன்று மாதமாக முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அந்த அப்பாவும் மண்டபத்துக்கு வந்திருந்தார், நாலு வரிசை தள்ளி. நரேனைப் பற்றிக் கேட்ட கேள்வி நரேனைப் பற்றியது மட்டும் அல்ல என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"தம்பி, எவ்வளவு நாள் பார்க்கப் போறீங்க? யார்கிட்ட கத்துக்கிறீங்க? விட்ட படிப்பை எப்போ எடுப்பீங்க?" என்று கேட்டேன். முதல் இரண்டுக்கும் பதில் வைத்திருந்தார். மூன்றாவதுக்கு யோசித்தார்.

கையில் தேநீரோடு பின்னால் வந்து நின்ற அப்பா, என்னைப் பார்த்துச் சொல்வது போல் மகனிடம் சொன்னார்: "பகுதி நேரமாப் படிக்கலாம்னு சொல்றாங்க. விசாரிக்கச் சொல்லுங்க."

தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். வண்டி மாறியது தோல்வி அல்ல. புது வண்டியைக் கற்க மறுத்தால்தான் தோல்வி.

அடுத்த வாரம் வேறொரு தலைப்போடு சந்திப்போம்.