இருமல் நின்னாலும் மாத்திரையை நிறுத்தாதீங்க... காசநோயில் முதல் 2 மாசம் ஏன் முக்கியம்?

பெரம்பலூர் பக்கம் கல்குவாரி, கிரஷர். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமென்ட் ஆலை. உங்க அப்பாவோ, மாமாவோ, பக்கத்து வீட்டு அண்ணனோ தூசியில் வேலை பார்க்கிறவரா இருக்கலாம். அவர் ரெண்டு வாரமா இருமினா, 'தூசி இருமல்தான்'னு விட்டுடுவோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்குது.

கல் தூசியில் உள்ள சிலிக்கா, நுரையீரலைக் காவல் காக்கும் செல்களைப் பலவீனப்படுத்தும். அதனால் இவங்களுக்குக் காசநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, சளியில் ரத்தம்... இதில் எது இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. சளிப் பரிசோதனை இலவசம்.

டெஸ்ட் பாசிட்டிவ்... அடுத்து என்ன?

மாத்திரையைக் கொடுத்து அனுப்புறதோடு வேலை முடியாது. நோயாளியின் விவரம் 'நிக்ஷய்' இணையதளத்தில் பதிவாகும். சர்க்கரை, ஹெச்.ஐ.வி பரிசோதனைகள் நடக்கும். மாத்திரை ஒழுங்கா போகுதான்னு கவனிக்க ஒருத்தர் பொறுப்பேற்பார். வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் தடுப்பு மாத்திரையும் தருவாங்க.

யாருக்கு உடனே அட்மிஷன்?

காசநோய் மரணங்களில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் ரெண்டு மாசத்தில்தான் நடக்குது. அதைத் தடுக்கத்தான் 2022-ல் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' தமிழ்நாட்டில் வந்தது. நோய் உறுதியானதும் சில எளிய விஷயங்களைப் பார்க்கிறாங்க. உயரத்துக்கு ஏற்ற எடை, கால் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடியுதா என்பது.

பி.எம்.ஐ 14 அல்லது அதற்குக் கீழ், மூச்சு 24-க்கு மேல், ஆக்சிஜன் 94-க்குக் கீழ், தனியா நிற்க முடியாமை... இதில் ஒன்று இருந்தாலும் ஆபத்தான நிலை. 160 செ.மீ உயரமுள்ளவர் 36 கிலோவுக்குக் கீழே இருந்தால் பி.எம்.ஐ கிட்டத்தட்ட 14-தான். இப்படிப்பட்டவரை டாக்டர் அட்மிஷன் போடச் சொன்னா, 'வீட்டிலேயே பார்த்துக்கிறோம்'னு மறுக்காதீங்க. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் வீட்டில் கிடந்தா, இப்போ எடுத்துப் பயன்படுத்துங்க.

உங்க வேலை என்ன?

வழக்கமான காசநோய்க்கு 6 மாசம் சிகிச்சை. சில வாரத்திலேயே இருமல் குறையும், பசி எடுக்கும். 'சரியாகிடுச்சு'ன்னு பலர் நிறுத்துவது இப்போதான். உள்ளே மிச்சமிருக்கும் கிருமி மறுபடி பெருகும், மருந்துக்கு அடங்காமலும் போகலாம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனா பயப்படாதீங்க, அது மருந்தோட நிறம். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்க. போன்ல தினமும் ஒரு அலாரம் வைங்க.

அடுத்தது சாப்பாடு. ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு 2023-ல் வெளியானது. முதல் 2 மாசத்தில் 5 சதவிகிதம் எடை கூடியவர்களுக்கு இறப்பு ஆபத்து 61 சதவிகிதம் குறைவா இருந்தது. 40 கிலோ இருப்பவருக்கு அது வெறும் 2 கிலோ! முட்டை, பயறு, வேர்க்கடலை போதும். அரசு மாசம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி தருது. வங்கிக் கணக்கு விவரத்தைக் கொடுத்தாச்சான்னு பாருங்க.

தட்டைத் தனியா வைக்காதீங்க!

காசநோய் காற்றில் பரவுவது, தட்டு டம்ளரில் அல்ல. ஜன்னலைத் திறந்து வைங்க, இருமும்போது வாயை மூடச் சொல்லுங்க. வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம்னு 1950-களின் இறுதியில் உலகத்துக்குக் காட்டியது நம்ம சென்னையில் நடந்த ஆய்வுதான்.

சந்தேகம் இருந்தா 1800-11-6666 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்க. இன்னைக்கு ராத்திரி வீட்டில் யார் இருமுறாங்கன்னு கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க!